பூனை சாப்பிடவில்லையா? பசிக்கு மருந்து தேடமுன் இதைப் பாருங்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு பாமசியில் கவுண்டரில் நிற்பவள் நான். மனிசருக்கு மருந்து கொடுக்கிற இடம். ஆனாலும் பின்னேரமானால் யாராவது வந்து, மற்ற ஆட்கள் போகும்வரை நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "தங்கச்சி, பூனை நேற்றிலிருந்து சாப்பிடேல்லை. பசிக்கு ஏதும் பாணி இருக்கோ?" இல்லை என்றுதான் சொல்வேன். அப்படியே அனுப்பவும் மனம் வராது, நாலு கேள்வி கேட்பேன். வீட்டில் எனக்கும் இரண்டு இருக்கின்றன. லட்டு 12 வயதுக் கிழவி. கறுப்பன், எங்கள் தொடர்மாடியின் மதில்களெல்லாம் தன் பேரில் எழுதப்பட்டிருப்பதாக நினைத்துத் திரிகிறவன்.

முதல் கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டது? "கொஞ்சம் குறைவாத்தான் சாப்பிடுது" என்பது வேறு, "வாயே வைக்கேல்லை" என்பது வேறு. வளர்ந்த பூனை 24 மணித்தியாலம் ஒன்றுமே தின்னாவிட்டால் அன்றைக்கே மிருக வைத்தியரோடு கதைக்க வேண்டும். குட்டி என்றால் 12 மணித்தியாலமே கூட. பால்குடி மறக்காத குஞ்சுக் குட்டிக்கு அவ்வளவு நேரமும் பொறுக்கக் கூடாது. அரைவாசிச் சாப்பாடு என்று இரண்டு மூன்று நாள் இழுபட்டாலும் காட்டத்தான் வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பார்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிக்கிற சனத்துக்கு, பூனை ஒரு நாள் தின்னாததெல்லாம் ஒரு விஷயமா? பூனையின் உடம்பு அப்படி அமையவில்லை. சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பிலிருக்கிற கொழுப்பு கரைந்து ஈரலுக்குப் போகும். அவ்வளவு கொழுப்பைச் சமாளிக்கப் பூனையின் ஈரலால் முடியாது. கொழுப்பு அங்கேயே தேங்கி, சில நாட்களில் ஈரல் வேலை செய்வதை நிறுத்தத் தொடங்கும். டொக்டர்மார் ஹெபட்டிக் லிபிடோசிஸ் என்பார்கள். காதின் உட்பக்கமும் முரசும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகும். அந்த நிலைக்குப் போனால் குழாய் போட்டுக் கிழமைக்கணக்கில் உணவூட்ட வேண்டி வரும். இது கூடுதலாக வருவது கொழுத்த பூனைக்கு. "அவனிட்ட நல்ல கொழுப்பிருக்கு அக்கா, இரண்டு நாள் தாங்குவான்" என்று யாரும் சொன்னால் எனக்குப் பதற்றம்தான் வரும், ஏனென்றால் காரியம் நேர்மாறு.

வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கலாம்

பூனை உசாராகத் திரிகிறது, விளையாடுகிறது, சாப்பாட்டை மட்டும் தொடவில்லை என்றால் முதலில் அக்கம்பக்கம் விசாரியுங்கள். தொடர்மாடிப் பூனைகளுக்கு ஒரு வீடு என்பது கிடையாது. கறுப்பனுக்கு எங்கள் மாடியில் ஒரு பெயர், இரண்டாம் மாடி அன்ரி வீட்டில் இன்னொரு பெயர், காவலாளி ஐயாவிடம் மூன்றாவது பெயர். மூன்று இடத்திலும் சாப்பாடு உண்டு.

அடுத்தது கிண்ணம். எறும்பு ஏறிய சாப்பாட்டில் பூனை வாய் வைக்காது. கொழும்பில் பத்து நிமிடம் போதும் எறும்பு வர. அகலமான தட்டொன்றில் தண்ணீர் விட்டு அதன் நடுவே கிண்ணத்தை வையுங்கள். ஈரமான சாப்பாட்டை இந்த வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். நமக்கு மணக்காதது அதற்கு மணக்கும்.

உலர்ந்த கேட் ஃபூடைக் கடையில் பெரிய மூட்டையிலிருந்து அள்ளி, நிறுத்து, பொலித்தீன் பையில் கட்டித் தருகிறார்கள். மலிவுதான். 2022 இல் விலை ஏறிய காலத்திலிருந்து நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். மூட்டை திறந்து எத்தனை நாளானது என்று தெரியாதது ஒன்றுதான் பிரச்சினை. கொழுப்புக் காறி நெடி அடித்தால் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். வாங்கியதை இறுக மூடும் டின்னில் போட்டு, ஒரு மாதத்துக்குள் முடிகிற அளவே வாங்குங்கள்.

சித்திரை வெயிலில் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவதும், தடுப்பூசி போட்ட பிறகு ஓரிரு நாள் மந்தமாயிருப்பதும் வழமை. வருசப்பிறப்பு, தீபாவளி, முப்பத்தோராம் திகதி இரவு என்று வெடி கொளுத்தும் நாட்களில் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்தால் சாப்பாட்டையும் தண்ணீரையும் அங்கேயே கொண்டுபோய் வையுங்கள், இழுத்தெடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து வீடு நிறைந்திருந்தாலும் இதே கதைதான். நலமடிக்காத கடுவன் இணை தேடித் திரியும் நாட்களில் சாப்பாட்டை மறக்கும். ஆனால் இந்தக் காரணங்கள் எதுவும் அந்த 24 மணித்தியாலக் கணக்கை நீட்டித் தராது.

கிண்ணத்தடிக்கு வருகிறதா?

நான் கேட்கிற கேள்விகளில் இதுதான் பெரியது. பசியில்லாத பூனை வேறு, பசியிருந்தும் தின்ன முடியாத பூனை வேறு. இரண்டையும் "சாப்பிடேல்லை" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஐந்து நிமிடம் தரையில் இருந்து பாருங்கள், முடிந்தால் ஃபோனில் வீடியோ எடுங்கள்.

லட்டுவுக்குப் பல் வருத்தம் வந்தபோது அவள் கிண்ணத்துக்கு வராமல் இருக்கவில்லை. சத்தம் கேட்டதும் ஓடி வந்தாள். குனிந்து ஒரு உருண்டையை எடுத்தாள், தலையை இடப்பக்கம் சரித்தாள், ஒருதரம் கடித்தாள், உடனே வாயைத் திறந்து கீழே விட்டாள். முன்னங்காலால் கன்னத்தை இரண்டு தட்டு. பிறகு கிண்ணத்தைப் பார்த்துச் சீறினாள், கடித்தது அதுதான் என்பதைப் போல. பசியில் ஒரு குறையும் இல்லை, கடிக்கத்தான் வழியில்லை. முரசோரத்தில் பல் உள்ளுக்குள் கரைந்திருந்தது. பல்லைப் பிடுங்கியபின் பழையபடி சாப்பிட்டாள். வாய்ப்புண், முரசு வீக்கம், தொண்டையில் மீன் முள், நாக்கடியில் சுற்றிய நூல், எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே காட்சிதான். வாய்நீர் வடியும், நாறும்.

கிண்ணத்துக்கு வந்து, முகர்ந்து, உதட்டை நக்கி, எச்சில் விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது குமட்டல். வயிறு, ஈரல், சிறுநீரகம், நஞ்சு, எதுவாகவும் இருக்கலாம். வயது போன பூனை வழமையைவிடக் கூடத் தண்ணீர் குடித்து, கூடச் சலம் பெய்து, மெலிந்தும் வந்தால் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூக்கடைத்துத் தும்முகிற பூனைக்கு மணம் பிடிபடாது. மணம் பிடிபடாவிட்டால் பூனைக்கு அது சாப்பாடே இல்லை. ஹேர்பீஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களால் வருகிற தடிமன் இப்படித்தான் பட்டினி போடும். கலிசி நாக்கில் புண்ணும் வைக்கும். குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்து, கதவை மூடி, ஆவிக்குள் பத்து நிமிடம் மடியில் வைத்திருங்கள். மூக்கை ஈரப்பஞ்சால் துடையுங்கள். விக்ஸ், யூக்கலிப்டஸ் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

கிண்ணப் பக்கமே வராமல், கட்டிலுக்கடியில் குந்திக் கூனிக்கொண்டு, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருக்கும் பூனைதான் எனக்குப் பயம் தருவது. காய்ச்சல், நோவு, உள்ளே ஏதோ பெரிய வருத்தம். தடுப்பூசி போடாத குட்டி இப்படிச் சுருண்டு, சத்தியெடுத்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தலையைத் தொங்கப் போட்டுக் குடிக்காமல் இருந்தால் பான்லியூகோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இரவோடு இரவாகக் கொண்டோடுங்கள்.

உடம்பைப் பார்ப்பது

வாயைத் திறக்கமுன் ஒரு எச்சரிக்கை. பூனை காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கிறது, குரல் மாறியிருக்கிறது, தள்ளாடுகிறது, வாய்நீர் ஊற்றுகிறது என்றால் கை வைக்காதீர்கள். விசர்நோய் பூனையாலும் வரும், நம் நாட்டிலிருந்து அது இன்னும் போகவில்லை. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நல்லது. விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது: தெள்ளு மொய்த்த குட்டி, தெள்ளால் பரவும் இரத்தக் கிருமி, எலி மருந்து. மஞ்சள் என்றால் ஈரல். கபிலமோ நீலமோ என்றால் இதை வாசிப்பதை விட்டுவிட்டு ஓட்டோவைப் பிடியுங்கள். கறுப்பனைப் போன்றவைக்கு முரசே கறுப்பாக இருக்கும், கீழ்க்கண் இமையை இழுத்துப் பார்க்கலாம்.

பல்லி பிடித்துத் தின்னும் பூனையென்றால் அதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வெப்பநாடுகளில் பல்லி மூலம் பூனையின் பித்தக்குழாய்க்குள் போய்த் தங்கும் ஒரு தட்டைப்புழு உண்டு. சாப்பாடு மறுப்பதும் மஞ்சளாவதும் அதிலும் வரும்.

காய்ச்சலை மூக்கைத் தொட்டுச் சொல்ல முடியாது. சாதாரண டிஜிட்டல் தேர்மோமீட்டர் போதும், பூனைக்கென்று தனியாக ஒன்று வையுங்கள். நுனியில் வாசலீன் பூசி, துவாயில் சுற்றிய பூனையை ஒருவர் பிடிக்க, மற்றவர் மலவாசலில் ஒரு அங்குலத்துக்கு உள்ளாகவே மெல்ல விடலாம். ஆனால் இலக்கத்தைப் பார்த்து மிரளாதீர்கள். "101 காட்டுது, காய்ச்சல்!" என்று ஒரு பெடியன் கடைக்கு ஓடி வந்தான். மனிசருக்கு 101 காய்ச்சல்தான், பூனைக்கு அது சுகம். 100.5 முதல் 102.5 பரனைற் வரை, அதாவது 38.1 முதல் 39.2 செல்சியஸ் வரை, அதன் வழமையான சூடு. அதற்கு மேலே போனால் காய்ச்சல். கீழே நன்றாக இறங்கினால் அது காய்ச்சலைவிட மோசம்.

வெளியே திரிகிற கடுவனுக்கு உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள், முக்கியமாக வாலின் அடி, கன்னம், கால்கள். சண்டையில் பட்ட பல் ஒரு ஊசித் துவாரம்தான் போடும், மேல்தோல் மூடிவிடும், உள்ளே இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டும். ஒருமுறை கறுப்பன் சாப்பிடாமல் படுத்தபோது வாலடியில் விரல் பட்டதும் உறுமினான். மயிருக்குள் ஒரு சின்னப் பொருக்கு, அதன் கீழ் சூடான வீக்கம். டொக்டர் கீறிச் சீழை எடுத்து அன்ரிபயோட்டிக் கொடுத்தார். பொழுதுபட வீட்டில் சோறு கேட்டுக் கத்தினான். கொழும்பில் கடுவன் பூனை திடீரென்று சாப்பாட்டை விட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

மண்தட்டையும் பாருங்கள். ஆண் பூனை தட்டில் போய்ப்போய்க் குந்தி, முக்கி, கத்தி, சொட்டுச் சலமும் வராவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்குகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும். நடுச்சாமமானாலும் உடனே போக வேண்டியது இதற்கு. வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலைக் கீறும்.

எங்கள் கவுண்டரில் இருப்பது எதுவும் வேண்டாம்

பனடோல் கொடுக்காதீர்கள். அரைக் குளிசையும் வேண்டாம், கால் குளிசையும் வேண்டாம், பிள்ளைகளின் பாணியும் வேண்டாம். மூன்றிலும் இருப்பது பரசிற்றமோல் என்ற ஒரே மருந்துதான். அதை உடைத்து வெளியேற்றுகிற நொதியம் பூனையின் ஈரலில் போதியளவு இல்லை. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற சக்தியை இழக்கும், முரசு கபில நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். ஒரு 500 மில்லிகிராம் குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஏற்கனவே கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று டொக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, நேரத்துக்குப் போனால் வேலை செய்யும். புருபனும் டைக்குளோபினாக்கும் இதே வரிசை. நாய்க்குப் போடும் உண்ணித் துளி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு அது நஞ்சு.

ஜீவனி நீர்ச்சத்துக்கு, சாப்பாட்டுக்கு ஈடில்லை. சமஹன், கொத்தமல்லித் தண்ணி, ஓமத் திராவகம் எல்லாம் அம்மம்மாமாரின் அன்பு, பூனைக்கு அல்ல.

பசியைத் தூண்ட மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. மேர்ட்டசப்பின் என்பது மனிசருக்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பது. பூனைக்குப் பசியைத் தூண்டும். காதில் பூசுகிற களிம்பாக 2018 இல் அமெரிக்காவில் பூனைகளுக்கென்றே அனுமதித்தார்கள். ஆனால் அளவு மிகச் சிறியது, அதையும் டொக்டர்தான் சொல்ல வேண்டும். குடலில் ஏதும் அடைத்திருக்கிற பூனைக்குப் பசியைக் கிளப்பிவிட்டால் என்னவாகும் என்று யோசியுங்கள். சீட்டில்லாமல் நான் தருவதில்லை.

சாப்பிட வைக்க

பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை இழுப்பது மணமும் சூடும். பிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காமல், கிண்ணத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மீசை இடிபடாத தட்டையான கோப்பை நல்லது. மண்தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சந்தையில் சூடை மீனோ கீரி மீனோ வாங்கி, வெறும் தண்ணீரில் அவித்து, முள்ளெடுத்து, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் விட்டுப் பிசைந்து ஒரு தேக்கரண்டியளவு வையுங்கள். உப்பு, மஞ்சள், உள்ளி, வெங்காயம் எதுவும் வேண்டாம். கோழி நெஞ்சிறைச்சியும் இப்படியே. நம் வீடுகளில் சொதியில் பிசைந்த சோறு பூனைக்குப் போவது வழமை, ஆனால் சொதியில் வெங்காயம் அவிந்திருக்கிறது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். ரின் மீன் கொடுப்பதென்றால் தண்ணீரில் அடைத்ததை அலசிக் கொடுங்கள், தக்காளி மிளகாய் போட்டது கூடாது. பால் பெரும்பாலான பூனைகளுக்கு வயிற்றால் போகப்பண்ணும்.

பதினைந்து நிமிடத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். முகத்துக்கு முன்னால் அதே கிண்ணத்தை நாள் முழுக்க நீட்டினால் அதன் மணமே வெறுத்துவிடும். சிரிஞ்சால் பருக்குவதை டொக்டர் சொன்ன பிறகு, அவர் காட்டியபடி மட்டும் செய்யுங்கள்: ஊசியைக் கழற்றி, கடைவாய்ப் பக்கமாக, ஒருமுறைக்கு ஒரு மில்லிக்கும் குறைவாக, விழுங்கும்வரை பொறுத்து. தலையை அண்ணாத்தினால் நுரையீரலுக்குள் போய்விடும். சத்தியெடுக்கிற பூனைக்குப் பருக்கவே கூடாது.

கொண்டுபோவது

போயா தினத்திலும் ஞாயிறிலும் எந்தக் கிளினிக் திறந்திருக்கும், எது இரவிலும் பார்க்கும் என்று பூனை சுகமாயிருக்கும்போதே விசாரித்து ஃபோனில் பதிந்து வையுங்கள். பின்னேரம் ஐந்து மணிக் காலி வீதியில் ஓட்டோவுக்குள் பூனை படும் பாடு உங்களுக்குத் தெரியும். மூடிய கூடைக்குள் உங்கள் பழைய சட்டையைப் போட்டு, மேலே துவாயால் மூடினால் பாதிக் கத்தல் குறையும். மடியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஹோன் சத்தத்துக்குப் பாய்ந்து வீதிக்கு இறங்கின பூனைகள் உண்டு.

சாப்பிட முயன்ற வீடியோ, சத்தியின் படம், கேட் ஃபூட் பையின் படம், கொடுத்த மருந்துகள், தடுப்பூசி அட்டை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம். இவ்வளவும் இருந்தால் டொக்டரின் பாதிக் கேள்வி முடிந்துவிடும். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கான் மூன்றையும் ஒரே நாளில் எடுக்கப் பணம் போதாவிட்டால் அதை மறைக்காமல் சொல்லி, "எதை முதலில் செய்யலாம்?" என்று கேளுங்கள். நல்ல டொக்டர் ஒழுங்குபடுத்தித் தருவார். மூக்குக்குழாயோ கழுத்துக்குழாயோ போடவேண்டுமென்றால் பயந்து கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பார்க்கக் கோரம், ஆனால் பூனை அதோடு நடமாடும், தூங்கும், ஈரல் தேறுவதும் அதனால்தான்.

வீட்டுக்கு வந்தபின் ஒரே நேரத்தில் நிறைய வைக்காமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்து வையுங்கள். 4 கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி வேண்டும், முதல் நாளே அவ்வளவும் போகாது. கசப்பு மருந்தை அது விரும்பிச் சாப்பிடும் ஒரே மீனுக்குள் ஒளிக்காதீர்கள், அந்த மீனும் நாளையிலிருந்து வேண்டாமென்றாகிவிடும். கிழமைக்கு ஒருமுறை நிறுங்கள். பிள்ளைகளை நிறுக்கும் தராசு கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பெரியவர்களின் தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு தனியே ஏறிக் கழியுங்கள். 4 கிலோவில் 200 கிராம் குறைந்திருந்தால், கிண்ணம் காலியாகிக்கொண்டிருந்தாலும், திரும்பக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கிண்ணத்தைக் காலி பண்ணுவது மற்றப் பூனையாகவும் இருக்கலாம்.